ஆஃப்பாயில் செல்கள்

மூளைக் கட்டி என்று ஸ்லைடு வந்தால் எங்களைப் போன்ற பேத்தாலஜிஸ்டுகள் முதலில் கேட்பது, "எந்த இடம்?" ஒவ்வொரு கட்டிக்கும் வழக்கமான விலாசம் ஒன்று உண்டு. விலாசம் மாறி உட்கார்ந்திருந்தால் எங்களுக்குத் தலைவலி.

நியூரோசைட்டோமா என்று ஒன்று. 1982-ல் ஹசூன் குழுவினர் விவரித்தது. பெரும்பாலும் இளவயதுக்காரர்களுக்கு, மூளைக்குள் திரவம் நிறைந்த வென்ட்ரிக்கிள் அறைகளில் வரும். மைக்ராஸ்கோப்பில் உருண்டை நியூக்ளியஸ், சுற்றிலும் வெள்ளை வளையம். புத்தகத்தில் பொரித்த முட்டை என்று போட்டிருக்கும். நமக்கு அது ஆஃப்பாயில். சிக்கல் என்னவென்றால், ஆலிகோடென்ட்ரோகிளையோமாவும் அச்சு அசல் இப்படியேதான் இருக்கும். அதன் வழக்கமான விலாசம் முன்மூளை.

சில வருடங்களுக்கு முன் இங்கே லக்னோவில் 24 வயதுப் பையன் ஒருவனின் ஸ்லைடு வந்தது. வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்ததில் முன்மூளையில் கட்டி. சர்ஜன் முழுசாக எடுத்துவிட்டார். ஆஃப்பாயில் செல்கள், அங்கங்கே கால்சியம். "ஆலிகோதானே? எழுதிக் கொடுங்க, ரேடியேஷனுக்கு டேட் வாங்கணும்" என்று தினமும் போன். ஆனால் செல்களுக்கு நடுவே மெல்லிய நார்நாராகத் திட்டுகள். அது உறுத்தியது.

சைனாப்டோஃபைசின் ஸ்டெயின் போட்டோம். ஸ்லைடு முழுக்கப் பழுப்பு. அதாவது நரம்பு செல் ஜாதி. பிளாக்கை வெளியூர் லேபுக்கு அனுப்பி இரண்டு வாரம் காத்திருந்தோம். ஐடிஹெச் மியூட்டேஷன் இல்லை, 1பி/19க்யூ இழப்பும் இல்லை. இரண்டும் இல்லாமல் ஆலிகோ என்று இன்றைக்குப் பெயர் வைக்க முடியாது. இது வென்ட்ரிக்கிளுக்கு வெளியே முளைத்த நியூரோசைட்டோமா. உலக சுகாதார நிறுவனம் இந்த வகையைத் தனியாக ஏற்றுக்கொண்டதே 2007-ல்தான்.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஆலிகோ என்றால் பெரும்பாலும் ரேடியேஷன், கீமோ என்று பேச்சு நீளும். நியூரோசைட்டோமாவை முழுசாக எடுத்துவிட்டால் அநேகமாக ஸ்கேன் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

நம்மூரில் ரேடியேஷனை 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். இங்கே 'சிகாயி', அதாவது ஒத்தடம். பையனின் அப்பா லேப் வாசலுக்கே வந்து, "டாக்டர் சாஹிப், சிகாயி வேணுமா?" என்று இந்தியில் கேட்டார். "இப்போதைக்குத் தேவைப்படாது, சர்ஜன் விவரமாகச் சொல்வார்" என்றேன். அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கி இன்னொருவரிடம் காட்டலாம். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். எங்களுக்குள்ளேயே தினமும் அதைத்தான் செய்கிறோம்.