நான்காம் வேற்றுமையில் ஓர் அச்சம்

அச்சத்தைச் சொல்லும் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் "நான்" என்று தொடங்குவதில்லை. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதே இயல்பான வழக்கு. "பயப்படுகிறேன்" என்றாலும் அதற்குள் ஒரு "படு" இருக்கிறது. துன்பப்படுவதைப் போல, வருத்தப்படுவதைப் போல, வந்ததைத் தாங்குவதே அங்கும் பொருள். பசியும் தாகமும் தூக்கமும் எப்படி ஒருவருக்கு வருகின்றனவோ அப்படியே அச்சமும் வருகிறது. இந்தியில் "முஜே டர் லக்தா ஹை", மலையாளத்தில் "எனிக்கு பேடியாணு" என்று மொழிக்குடும்ப எல்லைகளைக் கடந்து இந்திய மொழிகள் பலவும் அஞ்சுபவரை எழுவாயின் இருக்கையிலிருந்து இறக்கி, நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிறுத்துகின்றன. இந்தியா ஒரு மொழிப்பரப்பு என்று எமனோ 1956-இல் முன்வைத்த கருத்தை விரித்துச் சென்ற பின்வந்தோர், இந்த அமைப்பையும் அப்பரப்பின் பொதுப்பண்புகளுள் ஒன்றாக எண்ணினர்.

அசமிய மொழி இதில் ஓர் அடி விலகி நிற்கிறது. "மோர் பொய் லாகே" என்பது அங்கே வழக்கு. தமிழ்க் காதுக்கு மோரும் பொய்யுமாக ஒலிக்கும் இத்தொடரில் "மோர்" என்பது "என்னுடைய" என்ற ஆறாம் வேற்றுமை வடிவம். "பொய்" என்பது பயம். வங்காளியிலும் இதுவே முறை. அச்சம் அங்கே ஒருவருக்கு வருவதில்லை. அது அவருடையதாகவே இருக்கிறது.

இந்த வேறுபாட்டை ஆராய்வதற்காகத்தான் தமிழ்நாட்டுப் பெண்ணொருத்தி குவாஹாட்டிக்கு மேற்கே ஒரு சிறுநகரத்தில் ஓராண்டு தங்கினாள். உணர்வைச் சொல்லும் வாக்கியங்களே அவளது முனைவர் பட்டத் தலைப்பு. பகலெல்லாம் வீடுவீடாகச் சென்று, குளிர்கிறது, வெட்கமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று ஒரே வினாநிரலை வெவ்வேறு வாய்களிலிருந்து பதிவுசெய்வாள். இரவில் அறைக்குத் திரும்பினால் அந்த வினாநிரலின் மூன்றாம் வாக்கியம் சுவரில் உட்கார்ந்திருக்கும்.

அவள் குடியிருந்தது அசாம் பாணி வீடு. 1897 ஜூன் 12 அன்று நேர்ந்த பெருநிலநடுக்கத்தில் செங்கல்லும் கல்லும் கொண்டு கட்டிய கட்டடங்கள் சரிந்த பிறகு, மரச்சட்டத்தில் இக்ரா என்னும் நாணலை நிரப்பி, அதன்மேல் மண்சாந்து பூசி, தகரக்கூரை போடும் இவ்வகை வீடு அங்கே பரவலாயிற்று. நிலம் அசைந்தால் தானும் சற்று அசைந்து கொடுக்கும் சுவர் அது. அசைந்துகொடுக்கும் சுவரில் இடுக்குகளும் இருக்கும். மேற்கட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே இருண்ட வெற்றிடமும் உண்டு. கரப்பான்பூச்சிக்கு அது தோதான இடம். கரப்பானைத் தின்னும் உயிருக்கும் அப்படியே.

அந்த உயிருக்கு அறிவியல் தந்த பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. 1767-இல் லின்னேயஸ் முதன்முதலாக விவரித்த இனம் அது. ஆங்கிலத்தில் ஹண்ட்ஸ்மேன், அதாவது வேட்டைக்காரன். உடல் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். விரித்த கால்களோடு அளந்தால் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை போகும். கால்கள் நண்டினுடையவைபோல் பக்கவாட்டில் மடிந்திருப்பதாலும் உடல் தட்டையாக இருப்பதாலும் நாட்காட்டிக்குப் பின்னாலும் சுவிட்ச் போர்டுக்குப் பின்னாலும் அதனால் ஒட்டிக்கொள்ள முடியும். இரை பிடிக்க வலை கட்டுவதில்லை. இருட்டில் காத்திருந்து பாய்ந்து பிடிக்கும். கப்பல்களிலும் வாழைத்தார்களிலும் ஏறி வெப்பமண்டலம் முழுவதும் பரவிய இந்தச் சிலந்தி, இந்திய வீடுகளில் வாடகை கொடுக்காத பழைய குடித்தனக்காரர்.

முதல் வாரமே அவள் அதைக் கண்டாள். அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் சொன்ன அளவு, சாப்பாட்டுத் தட்டு. அடுத்த நாள் குறிப்பேட்டில் அதன் அகலத்தை நினைவிலிருந்து ஒரு கோடாக வரைந்தாள். பத்தொன்பது சென்டிமீட்டர் வந்தது. பின்னொரு நாள் அது சுவிட்ச் போர்டின் மேல் வந்து அமர்ந்தது. அது போன பிறகு போர்டை அளந்து பார்த்தாள். சிலந்தி பதினொன்றைத் தாண்டியிருக்க வழியில்லை. இந்த இடைவெளி அவளுக்கு மட்டும் உரியதன்று. ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் வேசியும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சிலந்திக்கு அஞ்சும் 57 பேரை உயிருள்ள டேரன்டுலாக்களை நெருங்கச் செய்து, பிறகு அவற்றின் நீளத்தைக் கோடாக வரையச் சொன்னார்கள். அச்சம் மிகுந்தவர் வரைந்த கோடு நீண்டிருந்தது.

இந்த அச்சத்தின் ஒரு பகுதி கற்றதாக இல்லாமலும் இருக்கலாம். லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தையும் உப்சாலா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் 2017-இல் ஆறுமாதக் குழந்தைகளுக்குப் பூக்களின் படங்களையும் சிலந்திகளின் படங்களையும் காட்டினார்கள். சிலந்தியைப் பார்த்தபோது குழந்தைகளின் கண்மணி கூடுதலாக விரிந்தது. அது அச்சம்தான் என்று சொல்லிவிட முடியாது. உடல் எதையோ கவனித்து விழித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். மற்றதை வீடும் ஊரும் மொழியும் சேர்த்துக் கட்டுகின்றன.

மொழி கட்டியது எது என்று பார்ப்பது அவளுக்குப் பழகிய வேலை. இந்திய மொழிகளில் சிலந்தியின் பெயர்களை ஒரு தாளில் எழுதினாள். தெலுங்கில் சாலெபுருகு, நெசவாளப் பூச்சி. சமஸ்கிருதத்தில் ஊர்ணநாபம், கொப்பூழில் கம்பளி நூல் கொண்டது. மராத்தியில் கோளி, வலைவீசும் மீனவருக்கும் அதே சொல். இந்தியின் மக்டீ, வங்காளியின் மாகோர்ஷா, அசமியத்தின் மொகொரா ஆகிய மூன்றுக்கும் மூலம் மர்கடம். தமிழர் குரங்கு என்று மட்டும் அறிந்த அச்சொல் சமஸ்கிருதத்தில் சிலந்தியையும் குறிக்கும். இன்னொரு வரிசையில் நோய் நின்றது. தமிழில் சிலந்தி என்றால் பூச்சி மட்டுமன்று, ஒருவகைப் புண்ணும்தான். சமஸ்கிருத லூதா என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. சுசுருத சங்கிதையின் கற்பத் தானம் பதினாறு வகை லூதாக்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் பாதியைத் தீராதவை என்கிறது. வசிட்டர் சினந்தபோது நெற்றியிலிருந்து வடிந்த வியர்வை, அறுத்த புல்லின்மேல் விழுந்து லூதாக்கள் பிறந்தன என்று ஒரு கதையையும் சொல்கிறது.

ஆக, நெசவு, வலை, புண். வலை கட்டாமல், பெரும்பாலும் தீங்கும் செய்யாமல் சுவரில் அமர்ந்திருக்கும் இந்தச் சிலந்திக்கு அவள் எழுதிய தாளில் தனிப்பெயர் இல்லை. எட்டுக்கால் பூச்சி என்ற பொதுப்பெயரின் கீழ் அது பதினாறு லூதாக்களின் பழியையும் சேர்த்துச் சுமக்கிறது. வட இந்தியாவில் தோலில் திடீரென்று எரிகொப்புளம் கண்டால் இன்றும் மக்டீயைத்தான் குறை சொல்வார்கள். அவற்றுள் பல, மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் ரோவ் வண்டு உடம்பில் நசுங்கி அதன் நஞ்சு பட்டதால் வருபவை. இந்த வேட்டைக்காரச் சிலந்தியைக் கையால் அழுத்திப் பிடித்தால் கடிக்கும். கடித்த இடம் வலித்து வீங்கி, சில நாளில் தணியும். வழிவிட்டால் ஓடிவிடும்.

பழி தவறான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அசாமிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. 2012-இல் மேல் அசாமின் சதியா பகுதியில் பெரிய சிலந்திகள் கூட்டமாக வந்து கடிப்பதாகப் பீதி பரவியது. இருவர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. பல்கலைக்கழகங்களிலிருந்து விலங்கியலார் சென்று பார்த்தார்கள். கடிபட்டவர்கள் முதலில் உள்ளூர் வைத்தியரிடம் போனதும், அங்கே நஞ்சை இறக்குவதாக எண்ணிக் காயத்தைப் பிளேடால் கீறியதும் பின்னர் தெரியவந்தன. இறப்புக்குச் சிலந்தியே காரணம் என்பது உறுதிப்படவில்லை. அச்சம் கையில் பிளேடைக் கொடுத்தது என்பது மட்டும் தெளிவு.

இவற்றையெல்லாம் படித்தறிந்த பின்னும் அவளுக்கு உறக்கம் வரவில்லை. கொசுவலையின் நான்கு ஓரங்களையும் மெத்தைக்கடியில் செருகிவிட்டு, விளக்கை அணைக்காமல் படுத்திருப்பாள். பகலில் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது கண் தானாகச் செருகும். மூன்று மாதத்தில் முடித்திருக்க வேண்டிய பதிவுகளில் பாதிகூட எழுத்தாகவில்லை. உதவித்தொகைக்கோ மாதக்கணக்கு உண்டு. நெறியாளருக்கு அனுப்பும் அறிக்கையில் மின்தடை என்றும் மழை என்றும் காரணம் எழுதலாம். எட்டுக்கால் பூச்சி என்று எழுத முடியாது. காட்டிலும் மலையிலும் களப்பணி செய்தவர்களின் வீரக்கதைகள் உலவும் துறையில், சுவரைப் பார்த்து நடுங்கும் பெண்ணுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பி, வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நாள் எண்ணினாள்.

வீட்டுக்காரப் பெண்மணியை அவள் மாஹி என்று அழைப்பாள். தாயின் தங்கைக்குரிய சொல் அது. மாஹிக்கு வயது அறுபதுக்கு மேல். ஒரு மாலை வினாநிரலுக்கு விடை சொல்ல அவரே அமர்ந்தார். பயமாக இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டபோது, "மோர் பொய் லாகே" என்று சொல்லிவிட்டு, "உன்னுடையது மொகொராவைப் பார்த்து வருவதுதானே, மாஜொனி?" என்றார். விளக்கு விடியவிடிய எரிவதை அவர் கவனித்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. தனக்குப் பாம்பென்றால் ஆகாது, இடியென்றாலும் ஆகாது என்றார். பிறகு அந்த வீட்டின் நடைமுறையைச் சொன்னார். குளியலறைக் கதவைத் திறக்குமுன் விளக்கைப் போட்டுச் சற்று நிற்க வேண்டும். அது தன் இடத்துக்குப் போய்விடும். காலணியை உதறிவிட்டே போட வேண்டும். துடைப்பத்தால் துரத்தக்கூடாது, துரத்தினால் ஆள்மேல்தான் ஓடிவரும். அடுப்படிக்குக் கரப்பான் மருந்து வாங்கி எத்தனையோ ஆண்டாயிற்று.

பின்னர் அவள் தன் படிப்போடு இதை ஒப்பிட்டாள். சிலந்தியின் கால் மூட்டுகளில் முக்கியமான இரண்டில் நிமிர்த்தும் தசை கிடையாது. உடல்நீரின் அழுத்தத்தால்தான் கால் நீள்கிறது. அதனால்தான் செத்த சிலந்தியின் கால்கள் சுருண்டுவிடுகின்றன. பாய்ச்சல் விரைவானது, ஆனால் விரைவில் களைத்து நின்றுவிடும். நிற்பது பதுங்குவதற்காக மட்டுமன்று, இளைப்பாறுவதற்காகவும்தான். மாஹி சொன்ன "சற்று நில்" என்பது இரு தரப்புக்கும் பொருந்திற்று.

இந்த அச்சத்துக்கு மருத்துவமும் உண்டு. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட் 1989-இல் விவரித்த முறையில், மூன்று மணிநேரத்துக்குள் அடங்கும் ஒரே அமர்வில், அஞ்சுபவர் படிப்படியாகச் சிலந்தியை நெருங்குகிறார். கிண்ணத்தால் மூடி, அஞ்சல் அட்டையை அடியில் செருகிப் பிடிக்கக் கற்கிறார். அவள் இருந்த ஊரில் அத்தகைய மருத்துவர் இல்லை. கண்ணாடித் தம்ளரும் பழைய நாட்காட்டி அட்டையும் இருந்தன. படுக்கைப் பக்கச் சுவருக்கு வந்தால் மட்டும் பிடித்துத் தாழ்வாரத்தில் விடுவது, மற்ற மூன்று சுவர்களில் தலையிடுவதில்லை என்று எல்லை வகுத்துக்கொண்டாள். முதல்முறை தம்ளரை மூடியபோது கை நடுங்கி அட்டை இரண்டுமுறை விழுந்தது. ஏழாம் முறையும் கை நடுங்கியது, அட்டை விழவில்லை.

ஏப்ரலில் பொஹாக் பிஹுவுக்கு முன்பு வீடு முழுவதும் ஒட்டடை அடிப்பது வழக்கம். அந்நாளில் அவள் அறை மூலையில் ஒரு பெண்சிலந்தி, நாணயம்போல் தட்டையான வெண்ணிற முட்டைப்பையை வயிற்றுக்கடியில் அணைத்தபடி இருந்தது. ஏராளமான முட்டைகள் இருக்கக்கூடிய பை அது. அதைச் சுமக்கும் வாரங்களில் தாய் இரை எடுப்பதில்லை. ஒட்டடைக்கோலோடு வாசலில் வந்து நின்ற மாஹி அவளைத்தான் பார்த்தார். அவளுக்குத் தொண்டை உலர்ந்திருந்தது. அந்த மூலையை விட்டுவிடச் சொன்னாள்.

அச்சம் போய்விடவில்லை. அது அவளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அசமிய வழக்கில் சொன்னால் அவளுடையதாகவே இருந்தது. இவ்விரு இலக்கணங்களுக்கும் அப்பால் ஒரு வாக்கியம் மிச்சம் இருந்தது. விட்டுவிடச் சொன்னதும் அட்டையைச் செருகியதும் எழுவாய் வேற்றுமையில் நின்றவை; அவற்றைச் செய்தவள் அவள். பதிவுகள் இரண்டு மாதம் தாமதமாக முடிந்தன. அறையைக் காலி செய்தபோது, அடுத்து வரவிருந்த மாணவிக்கு மேசையில் ஒரு தாள் வைத்தாள். எரிவாயு உருளைக்காரரின் எண்ணுக்கும் தண்ணீர் வரும் நேரத்துக்கும் கீழே, குளியலறை விளக்கை முதலில் போடவும், சற்று நிற்கவும் என்று எழுதியிருந்தது. கண்ணாடித் தம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும்.