மார்கழியும் மிருதங்கத் தோலும்

டிசம்பர் பிறந்துவிட்டால் கடலூர் சர்ச்சுகளில் வாரத்துக்கு வாரம் பாட்டுதான். ஒரு ஞாயிறு பாடகர் குழுவின் கீத ஆராதனை, அடுத்த ஞாயிறு வாலிபர்களின் நிகழ்ச்சி, அதற்கடுத்தது ஊருக்கே அழைப்பு வைத்து நடத்தும் கீர்த்தனைக் கச்சேரி. பாமாலைக்குக் கீபோர்டு போதும். கீர்த்தனைக்கு மிருதங்கம் வேண்டும். 1860களில் டேனிஷ் மிஷன் இந்தப் பக்கம் காலூன்றி, பின்னாளில் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. அந்த வழிவந்த சபைகளில் ஐரோப்பிய மெட்டில் ஒரு பாமாலை முடிந்ததும் கர்நாடக ராகத்தில் ஒரு கீர்த்தனை தொடங்கும். ஒரே வாய் இரண்டையும் பாடும்.

அப்படி ஒரு சபையில் ஒத்திகை கேட்கப் போயிருந்தேன். வெளியே வடகிழக்குப் பருவமழை. கடற்காற்றின் ஈரம் ஏறி மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல்முகமான வலந்தலை தொய்ந்துபோயிருந்தது. வாசிப்பவர் கல்லாலும் கட்டையாலும் விளிம்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார், சுருதி நிற்கவில்லை. “மூட்டு மாத்தணும். சிதம்பரம் கொண்டுபோனாத்தான் ஆகும்” என்றார். தோல்முகத்தைத்தான் மூட்டு என்கிறார்கள். மறுநாள் அந்த மிருதங்கத்தோடு நானும் பஸ் ஏறினேன்.

பட்டறை என்று சொன்னாலும் அது ஒரு வீட்டின் முன்திண்ணைதான். அதை நடத்தும் பெரியவரின் குடும்பம் தஞ்சாவூரிலிருந்து வந்தது. கிறிஸ்தவர். அவரைச் சுற்றி ஏழெட்டு வாத்தியங்கள். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் ஊர் பெயர். கடலூர் சர்ச்சுக்கு ஒரு டோலக், ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி வாசிக்கப்போகும் ஒருவரின் மிருதங்கம், சென்னை சபாவுக்குப் போகவேண்டிய இன்னொன்று. மார்கழியில் எல்லோருக்கும் அவசரம். அத்தனை அவசரமும் அந்த ஒரு திண்ணையில் வந்து இறங்குகிறது.

“உக்காருங்க தம்பி. வாடை அடிக்கும், பாத்துக்குங்க” என்றார். ஊறிய தோலின் வாடை. பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இந்த வேலைக்கு வேண்டும். எருமைத் தோல் இடந்தலைக்கும், இழுத்துக் கட்டும் வாருக்கும். எந்தத் தோல் எந்தப் பக்கம் பேசும் என்பதை அவர் விரலால் நீவியே சொல்கிறார். “மெல்லிசா இருந்தாப் போதாது தம்பி, ஒரே மாதிரி மெல்லிசா இருக்கணும். ஒரு எடத்துல தடிச்சிருந்தா அங்க பொய் சொல்லும்.”

வாரைப் பிடித்து இழுப்பது ஒருவர் வேலை இல்லை. அவருடைய தம்பி மகன் காலால் கட்டையை உதைத்துக்கொண்டு, உடம்பையே பின்னுக்குச் சாய்த்து இழுத்தான். பெரியவர் சுற்றிச் சுற்றி விளிம்பைத் தட்டிக்கொண்டே வந்தார். அதன் பிறகுதான் கரணை என்ற நடுக் கறுப்பு வட்டம். வெந்த சோற்றைப் பசையாக அரைத்து, இரும்புத்தாதுக் கல்லின் கருந்தூளைச் சேர்த்துப் பிசைகிறார். சிட்டிகை சிட்டிகையாக நடுவில் வைத்து, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார். காயும்வரை தேய்த்து, அதன்மேல் அடுத்தது. நடுநடுவே ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கணம், மறுபடி தேய்ப்பு. நான் இருந்த பிற்பகல் முழுக்க அந்த ஒரு வட்டம்தான்.

வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் கலைந்துகிடக்கும். நடுவில் ஏறும் இந்தக் கரிய பாரம்தான் அவற்றை முறைப்படுத்தி, தோல்வாத்தியத்தைச் சுருதி சேர வைக்கிறது. சி.வி. ராமன் 1920இல் இதைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ராமனுக்குப் பல தலைமுறை முந்தியே இதைக் காதால் கண்டுபிடித்தவர்கள் இதே திண்ணைகளில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களையும் ஆராய்ச்சியாளர்கள் என்றே நான் சொல்வேன்.

கட்டை பண்ருட்டிப் பலா. கடைசல் பட்டறையில் குடைந்து வருகிறது. வயதான மரத்தின் வைரம்தான் நாதம் கொடுக்கும் என்கிறார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அந்தப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. “அப்போ கட்டை மலிவாக் கெடச்சுது தம்பி. அதுக்கப்புறம்தான் கஷ்டம். நட்ட கன்னு எப்போ வைரம் பாய்றது?”

மிருதங்கம் செய்யும் கைகளில் பெரும்பகுதி தலித் கிறிஸ்தவர்களுடையது. தஞ்சாவூர் செவத்தியான் தொடங்கிப் பர்லாந்து வழியாக இன்றுவரை நீளும் அந்தப் பரம்பரையைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் எழுதினார். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்துவின் காதும் கையும் இருந்தன. 2020இல் அந்த நூலின் வெளியீட்டுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்ட சென்னைக் கலை நிறுவனமான கலாக்ஷேத்ரா பிறகு மறுத்துவிட்டது. வேறிடத்தில்தான் வெளியானது. தோலைத் தொடுபவரைப் பற்றிப் பேசவே இந்தப் பாடு.

சர்ச்சும் இதில் கைகழுவ முடியாது. கீர்த்தனை மரபின் பெருங்கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சபைக்குள் சாதி வரிசையை மிஷனரிகள் ஒழிக்க முயன்றபோது அதை எதிர்த்தவரும் அவரே. அவர் பாட்டுகள் எனக்கு உயிர். அதனாலேயே இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாட்டு எழுதியவர் பெயர் கீர்த்தனைப் புத்தகத்தில் இருக்கிறது. பாடுபவர், வாசிப்பவர், காணிக்கை தந்தவர் பெயர்கள் நிகழ்ச்சி நிரலில் அச்சாகின்றன. மூட்டுப் பிடித்தவர் பெயரை எந்த நிரலிலும் நான் பார்த்ததில்லை, கோயில் கச்சேரியிலும் சரி, சர்ச்சிலும் சரி. ஒரு வரி சேர்த்தால் தாள் ஒன்றும் நிறைந்துவிடாது. கடலூர் பாடகர் குழுவிடம் இதைக் கேட்டேவிட்டேன். கமிட்டியில் பேசுகிறோம் என்றார்கள்.

“நீங்க கச்சேரி கேக்கப் போவீங்களா ஐயா?” என்றேன்.

“சர்ச்சுன்னா போவேன். பாட்டு காதுல விழாது, வலந்தலைதான் கேக்கும். ஒரு எடத்துல எறங்கிட்டாலும் எழுந்து போய்ப் பிடிச்சு உடணும்னு கை துறுதுறுங்கும்.”

தம்பி மகன் இப்போது நட்டு போல்ட் போட்ட மிருதங்கம் பக்கம் சாய்கிறான். ஸ்பானர் இருந்தால் வாசிப்பவரே திருகிக்கொள்ளலாம், வாருக்காக அலைய வேண்டாம். பெரியவருக்கு அதில் மனசு இல்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. மாசியில் சிவராத்திரி. 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி நடன விழா சிதம்பரத்தில் அப்போது நடக்கும். அதற்குள் இரண்டு மிருதங்கங்களுக்கு மூட்டு மாற்ற வேண்டுமாம், ஒன்று வாரில், ஒன்று போல்ட்டில். வார் வைத்ததைத் தான் எடுத்துக்கொண்டு, மற்றதைப் பையனிடம் தள்ளிவிட்டார். எங்கள் மிருதங்கத்துக்கு என்ன கூலி என்று கேட்டேன். தோல் விலையை மட்டும் சொன்னார். கை வேலைக்கு எவ்வளவு என்று மறுபடி கேட்ட பிறகுதான், “சர்ச்சுக்குத்தானே, பாத்துக் குடுங்க” என்றார். கோயிலுக்கு வாசிப்பவர்களிடமும் இதையேதான் சொல்கிறாராம்.