தேய்ந்து மறையும் ஓசை

கத்தியில்லை, குருதியில்லை. ஆயினும் அதற்கு அறுவை என்றே பெயர். சுவீடன் நாட்டு மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951ஆம் ஆண்டில் வகுத்த கதிர் அறுவை முறை அது. கோபால்ட் உமிழும் இருநூறளவு கதிர்க் கற்றைகள் தனித்தனியே வலுவற்றவை. ஒரே புள்ளியில் கூடும்போது மட்டும் வலிமை பெறுகின்றன. இக்கருவியைக் 'காமா கத்தி' என்பர்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், மண்டையோட்டின் அடித்தளத்தில், நமது வலச் செவியை ஒட்டிய சமநிலை நரம்பில் சிறு கட்டி ஒன்றைக் கண்டறிந்தனர். புற்றன்று, நரம்பின் உறையிலிருந்து மெல்ல வளர்வது. கதிர் அறுவை அதனை அகற்றுவதில்லை. வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துகிறது. பெரும்பாலோர்க்கு அது பலிக்கிறது. நமக்கும் பலித்தது.

சிகிச்சை ஒரே நாளில் முடிந்தது. அடுத்த ஞாயிறன்று திருப்பலி நிறைவேற்றினோம். பக்க விளைவுகளோ அவசரமின்றிப் பின்னால் வந்தன. பத்தாம் மாதம் எடுத்த படத்தில் கட்டி சற்றே பருத்திருந்தது. சிகிச்சை வீணாயிற்றோ என மனம் பதறியது. கதிர்பட்ட கட்டி முதலில் வீங்கிப் பின்னர் அடங்குவதுண்டு என மருத்துவர் தேற்றினார். அவ்வாறே அடங்கியது. அதுவரை நடையில் தள்ளாட்டம். அருகிலுள்ள ஐந்தாம் மூளை நரம்பு நெருக்குண்டதால் கன்னத்தில் மரமரப்பு. ஏழாம் நரம்பு தாக்குண்டால் முகம் கோணும். முற்காலத்தில் மிகுந்த கதிரளவு தந்தபோது இது அடிக்கடி நேர்ந்தது. இப்போது கட்டியின் விளிம்பில் 12 அல்லது 13 கிரே அளவே தருவதால் அரிதாகிவிட்டது.

கேட்புத்திறன் மட்டும் ஆண்டுதோறும் தேய்ந்தது. கட்டியை வாளா விட்டிருந்தாலும் செவி மங்கியிருக்கக் கூடும். எனினும் இழப்பு இழப்பே. முன்பு, பாவசங்கீர்த்தனத் தொட்டியின் வலப்புறம் முழந்தாளிடுவோரின் மெல்லிய குரல் தெளிவாய்க் கேட்கும். இன்று அங்கு இரைச்சல் ஒன்றே ஒலிக்கிறது. "உரக்கச் சொல்லும்" என அவரைப் பணிப்பதெங்ஙனம்? கூனிக் குறுகி வந்தவர் குரலை உயர்த்தினால் வெளியே வரிசையில் நிற்போர் கேட்பரே! ஆதலால் இடப்பக்கச் சாளரத்தை மட்டுமே திறந்து வைக்கிறோம். வளாகத்தில் சிறுவர்கள் "சாமி!" என அழைக்கையில் வேறு திசையில் திரும்புகிறோம். ஒலி வரும் திசையை அறிய இரு செவியும் வேண்டும் என்பதை அறியாத அவர்கள் சிரிக்கின்றனர்; நாமும் சிரிக்கிறோம்.

மீண்டும் தெரிவு செய்யச் சொன்னால் இச்சிகிச்சையையே தெரிவோம். ஆனால், இதனை நாடும் அன்பர்கள், "கட்டி நிற்குமா?" என்பதோடு, "ஐந்தாண்டு கழிந்து என் செவி எப்படியிருக்கும்?" என்றும் முன்னரே கேட்டறிதல் நலம். ஆண்டுகள் பல கடந்தாலும் படம் எடுத்துப் பார்ப்பதைக் கைவிடலாகாது.

உற்றார்க்கும் ஒரு சொல். தழும்பு இல்லாத சிகிச்சைக்குத் துன்பமும் இல்லை என எண்ணிவிடாதீர்கள். அவர் பதில் கூறாவிடில் செருக்கென்று கொள்ளாது, நல்ல செவியின் பக்கம் சென்றமர்ந்து, முகம் நோக்கிப் பேசுங்கள். அதுவே அவருக்குப் பேருதவி.