வெர்சாய்ப் பூங்காவில் ஒரு பகல்

பாரிஸ் மாநகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது வெர்சாய். அதன் அரண்மனையைக் காணும் வாய்ப்பு ஓர் இலையுதிர்காலத்தில் நமக்குக் கிட்டியது. வேட்டைக்கு வரும்போது தங்குவதற்கென 13-ஆம் லூயி மன்னர் 1623-இல் எழுப்பிய சிறு மாளிகை, அவர் மைந்தர் 14-ஆம் லூயியின் காலத்தில் பேரரண்மனையாக வளர்ந்தது. 1682-இல் அரசவையே இங்குக் குடிபெயர்ந்தது.

73 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள் பகலொளியைப் பன்மடங்காக்குகின்றன. முதல் உலகப் போருக்குப் பின் 1919 ஜூன் 28 அன்று செருமனியோடு உடன்படிக்கை கையெழுத்தானதும் இங்கேதான். 1710-இல் நிறைவுற்ற அரண்மனை ஆலயத்தின் வாயிலில் நின்று வணங்கிவிட்டுப் பூங்காவுக்கு இறங்கினோம்.

லெ நோத்ர் என்னும் தோட்டக்கலை வல்லுநர் வகுத்த பூங்கா அது. மேட்டில் நின்று நோக்கினால், நேர்கோடிட்ட மரவரிசைகளுக்கு அப்பால், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட பெருங்கால்வாய் வானத்தைத் தொடுவதுபோல் தோன்றுகிறது. ஆனால், புகழ்பெற்ற நீரூற்றுகளோ அன்று வாளாவிருந்தன! குறித்த நாள்களில் மட்டுமே அவை இயங்குமாம். நமக்குச் சற்று ஏமாற்றமே.

மன்னர் காலத்திலும் அவை எல்லாம் ஓயாது பொழிந்ததில்லை. மன்னர் நெருங்கும்போது பணியாளர் சீழ்க்கையொலியால் குறிப்புக் காட்டி ஊற்றைத் திறப்பர். அவர் கடந்ததும் மூடிவிடுவர். மேட்டுநிலமாகிய வெர்சாயில் அத்துணை நீர் ஏது? செய்ன் ஆற்று நீரை மேலேற்ற மார்லியில் 14 பெருஞ்சக்கரங்கள் கொண்ட பொறி 1684-இல் இயங்கத் தொடங்கியது. அதுவும் போதவில்லை. 1685-இல் ஏர் ஆற்றைத் திருப்பிக் கொணர ஆயிரக்கணக்கான போர்வீரர் கால்வாய் வெட்டப் பணிக்கப்பட்டனர். காய்ச்சலால் மாண்டோர் பலர். 1688-இல் போர் மூளவே அப்பணி கைவிடப்பட்டது. மேந்தனோனில் முற்றுப்பெறாத வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

அரண்மனைக்கு நேர் கீழே லத்தோனா ஊற்று உள்ளது. தாகத்தால் வாடிய அத்தாய், தன் இரு குழந்தைகளோடு குளத்தை அணுகியபோது, ஊரார் நீரைக் கலக்கிச் சேறாக்கினர்; அதனால் தவளைகளாயினர் என்பது பழங்கதை. பாதி மனிதரும் பாதி தவளையுமாய் அவர்கள் அங்கே வாய் பிளந்து நிற்கின்றனர்.

1789 அக்டோபர் 5 அன்று, உணவுக்கு வழி கேட்டுப் பாரிசிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் மழையில் நடந்தே இவ்வரண்மனைக்கு வந்தனர். மறுநாள் 16-ஆம் லூயி குடும்பத்தோடு வெளியேறினார், மீண்டும் திரும்பவில்லை.

அன்பர்களே, வாயிலில் வந்து நிற்கும் தாய்க்குத் தண்ணீரை மறுத்தால் என்னவாகும் என்னும் கதையை, அம்மன்னர்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் தம் சாளரத்தின் கீழேயே வைத்திருந்தனர். நாளும் பார்த்தனர், படித்தனரா என்பதுதான் கேள்வி. நம் வீட்டு வாயிலிலும் யாரேனும் நிற்கக்கூடும் என்ற எண்ணத்தோடு வெர்சாயை விட்டுப் புறப்பட்டோம்.