சிவப்பு ஆறட்டும்

கொல்கத்தா பௌபஜாரின் பிரதான வீதியில் கண்ணாடி அலமாரிகள்தான் கண்ணில் படும். நகை செய்யும் கைகளைப் பார்க்க விபின் பிஹாரி கங்குலி தெருவிலிருந்து பிரியும் சந்துகளுக்குள் போக வேண்டும். குறுகிய மரப்படி, தாழ்ந்த கூரை, குட்டைப் பலகைகளின் முன் சப்பணமிட்ட ஆட்கள். மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்துக் காட்டால், தாஸ்பூர் பக்கத்திலிருந்து சிறுவயதிலேயே தொழிலுக்கு வந்தவர்கள் இவர்களில் நிறையப் பேர்.

இந்தச் சந்துகள் ஏற்கெனவே ஓர் அடி வாங்கியவை. 2019 ஆகஸ்ட் 31 அன்று மெட்ரோ சுரங்கம் தோண்டிய இயந்திரம் நிலத்தடி நீரடுக்கில் இடிக்க, மண் சரிந்தது. துர்கா பிதுரி சந்திலும் சியாக்ரா பாரா சந்திலும் வீடுகள் விரிசல்விட்டு விழுந்தன. அவற்றில் இருந்த பட்டறைகளும் போயின. 2025 ஆகஸ்டிலிருந்து அந்தச் சுரங்கத்தில் ரயில் ஓடுகிறது. நான் தேடிப்போன கைவினைஞர் அந்தச் சரிவின்போது இடம்பெயர்ந்து, இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு மூலை பிடித்தவர். ஐம்பதைக் கடந்தவர், பொன் வேலையில் வளர்ந்தவர். தங்கம் பத்து கிராம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய 2025இல் வேலை குறைந்து, வெள்ளியைக் கையில் எடுத்திருக்கிறார். அந்த வெள்ளிதான் என்னை அங்கே அழைத்துப்போனது. ஜெர்மானியம் கலந்த வெள்ளி அது. தென் கொல்கத்தாவில் நகை வடிவமைக்கும் ஓர் இளம்பெண், கம்பி வேலைத் தோடுகள் செய்ய அதை மணிகளாகக் கொண்டுவந்து தந்திருந்தார்.

வழக்கமான 925 வெள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரைப் பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் தாமிரம். நெருப்பு காட்டும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜன் உள்ளே இறங்கித் தாமிரத்தைப் பிடிக்கும். மேலே மெருகு ஏற்றினாலும் அடியில் ஊதா கலந்த சாம்பல் கறை நிற்கும். அதை அராவி எடுக்க வேண்டும், அல்லது முலாம் பூசி மறைக்க வேண்டும். இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜான்ஸ் 1990களில் இதற்கு ஒரு வழி கண்டார். தாமிரத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ஜெர்மானியம் சேர்த்தார். அது தாமிரத்தை முந்திக்கொண்டு ஆக்ஸிஜனைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே நின்றுவிடுகிறது. உள்ளே கறை இறங்குவதில்லை. நாள்பட்ட கறுப்பும் மெதுவாகத்தான் வருகிறது. ஆர்ஜென்டியம் என்ற பெயரில் விற்கும் இந்தக் கலவை 935, 960 போன்ற தரங்களில் கிடைக்கிறது. ஜெர்மானியத்தையே 1886இல் கிளெமன்ஸ் விங்க்லர் கண்டெடுத்தது ஒரு வெள்ளித் தாதுவுக்குள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிறந்த இடத்துக்கே அது திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் இந்த வெள்ளி பழைய வெள்ளியைப் போல நடந்துகொள்வதில்லை. பெரியவர் தன் மருமகனுக்குக் கற்றுக்கொடுப்பதை அருகில் அமர்ந்து பார்த்தேன். முதலில் ஜன்னல் பலகையைச் சாத்தினார். சூட்டின் நிறத்தை இருட்டில்தான் பிடிக்க முடியும். பொன்னில் பழகிய கண் எதிர்பார்க்கும் நல்ல சிவப்பு இதில் தெரிந்தால் சூடு ஏற்கெனவே மிஞ்சிவிட்டது என்று பொருள். கம்பியின் மேல் கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்து, கோடு மறைந்ததும் நெருப்பை எடுக்கச் சொன்னார். பையனின் கை தன்னால் சாமணத்துக்குப் போனது.

“தொடாதே. சிவப்பு ஆறட்டும்.”

“ஆறினால் வளையாதே, மாமா?”

“வளையும். சூட்டில் தொட்டால் ஒடியும். இதற்கு அதுதான் குணம்.”

சிவந்திருக்கும்போது இந்த உலோகம் நொறுங்கும் தன்மையில் இருக்கிறது. அப்போது சாமணத்தால் பிடித்தாலோ தண்ணீரில் போட்டாலோ விரிசல் விழும். இரு முனையில் மட்டும் தாங்கிவைத்தால் நடுவில் தொய்யும். அதனால் கம்பிச் சுருள் முழுவதற்கும் அடியில் தாங்கல் கொடுத்திருந்தார். சுட்டதும் ‘சுர்ர்’ என்று தண்ணீரில் முக்கும் பழக்கம் நாற்பது ஆண்டுகளாக அந்தக் கையில் இருப்பது. அதை நிறுத்திவைப்பதுதான் புதிதாக எதையும் கற்பதைவிடக் கடினம் என்று எனக்குப் பட்டது. முதலில் அவர் செய்த பூக்கள் பல, இதழ் இதழாக உதிர்ந்தனவாம்.

பிறகு ஒரு காரியம் செய்து காட்டினார். அதைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று சொல்வேன். கம்பி வேலையில் வழக்கமாக இணைப்புகளில் பற்றவைப்புப் பொடி தூவி, வெண்காரம் வைத்து ஊதுவார்கள். இந்த வெள்ளியில் பொடியே வைக்காமல் சுடரை ஓட்டினார். ஒரு கணம் மேற்பரப்பு மட்டும் பளபளத்தது. தொட்டுக்கொண்டிருந்த இரண்டு கம்பிகள் ஒன்றாகிவிட்டன. இணைத்த தடம் தெரியவில்லை. இன்னும் ஒரு கணம் தாமதித்திருந்தால் பூ உருண்டையாகியிருக்கும். பொடி வேண்டாம் என்பது அழகுக்கு மட்டும் நல்லதல்ல. நம் கடைகளில் கே.டி.எம். என்ற பெயரில் புகழ்பெற்ற காட்மியம் கலந்த பற்றவைப்பு, கைவினைஞரின் நுரையீரலுக்கு நஞ்சு. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். காற்றோட்டமில்லாத அறையில் அந்தப் புகை போகுமிடம் ஊதுபவரின் மார்புதான். பொடியில்லாத இணைப்பு இந்தச் சந்துகளுக்குள் வருவதை நான் மனமார விரும்புகிறேன்.

முடிந்த பூவைச் சுமார் 300 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் போல வைத்தால் கெட்டிப்படும். அதற்கு வெப்பத்தைச் சீராகக் காட்டும் அடுப்பு வேண்டும். பட்டறையில் அது இல்லை. வடிவமைப்பாளர் தன் இடத்துக்கு எடுத்துப்போய்ச் சுட்டுக்கொள்கிறார்.

இனி கணக்குக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் கூலி உருப்படிக்கு. சேதாரம் அளவுக்குள் நிற்க வேண்டும், மிஞ்சியது கைவினைஞரின் பொறுப்பு. பழகிய உலோகத்தில் அது சமாளிக்கக்கூடியது. புதிய கலவையில் உடைந்த ஒவ்வொரு பூவும் உழைத்தும் கூலி இல்லாத நேரம். துண்டு துணுக்குகளைப் பழைய வெள்ளியோடு சேர்த்து உருக்கவும் கூடாது. கலந்தால் அதன் குணமே போய்விடும். அதற்கென்று தனி அரம், தனிப் பெட்டி, தனியாகக் கூட்டிச் சேர்த்த தூசி. இந்தப் பெரியவருக்கு அந்த வடிவமைப்பாளர் கற்ற நாட்களுக்கும் கூலி கொடுத்தார், உடைந்ததைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார். அதனால்தான் அவர் நடுவில் விட்டுவிடாமல் தேறினார். கைத்திறனைப் பற்றி எவ்வளவு புகழ்ந்தாலும் இந்த ஏற்பாடு இல்லாமல் அந்தப் பூ மலர்ந்திருக்காது என்பது என் தீர்மானமான எண்ணம்.

2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் தனி அடையாள எண்ணோடு ஹால்மார்க் பெறலாம், கட்டாயமில்லை, விருப்பம்தான். 935 வெள்ளி, 925 முத்திரைக்கு வேண்டிய தூய்மையைத் தாண்டியே நிற்கிறது. ஆகவே சேலம் சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் கொலுசு செய்விக்கும் முதலாளிகள் என்றாவது இதை முயலக்கூடும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் கிலோ வெள்ளியைக் கற்பதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதற்குச் சேதாரம் பிடிக்காதீர்கள். உருப்படிக் கணக்கைத் தள்ளிவைத்து, ஆட்களுக்கு நாள்கூலி கொடுங்கள்.