துக்கமும் பக்கத்து மேசையும்

தகப்பனாரை இழந்து, 16ஆம் நாள் காரியத்தை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பும் ஊழியர், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கும், கணக்கை முடிப்பதற்காக வங்கிக்கும் இன்னும் பல மாதங்கள் அலைய வேண்டியிருக்கிறது. பிரிட்டனில், 18 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இரண்டு வார விடுப்பு 2020 முதல் சட்டபூர்வமான உரிமை. நம் தேசத்திலோ துக்க விடுப்பு பெரும்பாலும் மேலாளரின் தயவையே பொறுத்திருக்கிறது.

அந்தத் தயவும், குவிந்த கோப்புகளைப் பக்கத்து மேசைக்காரர் தலையில் கட்டுவதோடு நின்றுவிட்டால், முதலில் சுரந்த அனுதாபம் நாளடைவில் முணுமுணுப்பாக மாறுவது மனித சுபாவம்; அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எவ்வேலை ஒரு மாதம் தள்ளிப்போனாலும் நஷ்டமில்லை என்று நிர்ணயித்து, வாடிக்கையாளரிடம் அவகாசம் கேட்கும் சங்கடத்தைத் தாமே ஏற்று, மிஞ்சியதைப் பலருக்கும் பகிர்ந்து, அதற்குரிய ஓவர்டைம் தொகையையும் அவர்கள் கேளாமலே வாங்கித்தரும் மேலாளரையே நான் மனதார மதிக்கிறேன்.