கடப்பாரை சொல்லும் விலை

இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில் மோர்டன்-இன்-மார்ஷ் என்றொரு சிறிய சந்தை ஊர். அங்கிருந்து தெற்கே, ரோமானியர்கள் போட்ட ஃபாஸ் வே சாலையில் நாலு மைல் போனால் மேட்டின் மேல் ஸ்டோ-ஆன்-த-வோல்ட். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 அடி உயரம். காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக்கு வருகிறவர்கள் இந்த ஊர்களின் தேன்நிறக் கல்வீடுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நானும் அதற்காகத்தான் போனேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது, குதிரைகள் மேயும் புல்வெளிகளைச் சுற்றி மேடும் பள்ளமுமாக ஓடும் மரவேலி. ஒவ்வொரு காலும் நூல் பிடித்ததுபோல் நின்றது.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரருக்குப் பள்ளத்தாக்கில் ஒரு குதிரைப் புல்வெளி உண்டு. பழைய வேலி இற்றுப்போனதால், புதிதாகப் போட விலை சொல்ல ஒரு வேலிக்காரர் வந்தார். அறுபதைத் தொடும் வயது, சேறு படிந்த பூட்ஸ். முதலில் டேப்பை எடுப்பார் என்று பார்த்தேன். அவர் எடுத்தது கடப்பாரை. பத்திருபது அடிக்கு ஒருமுறை தரையில் குத்தினார். கம்பி எவ்வளவு இறங்குகிறது, எந்த இடத்தில் ‘டங்’கென்று நிற்கிறது என்று கவனித்தார். நீளத்தை அளந்தது கடைசியில்தான்.

“மரக்கணக்கை யாரும் போட்டுவிடலாம்” என்றார். உண்மைதான். ஆணியடித்துப் போடும் வேலியில் கால்களுக்கு இடையே 1.8 மீட்டர், குறுக்குச் சட்டம் 3.6 மீட்டர். பழைய ஆறடி, பன்னிரண்டடிக் கணக்குதான் மீட்டருக்கு மாறியிருக்கிறது. ஒரு சட்டம் இரண்டு இடைவெளியைச் சரியாகத் தாண்டும். 100 மீட்டர் வேலிக்கு 57 கால்கள். மூன்று வரிசை என்றால் வரிசைக்கு 28 வீதம் 84 சட்டங்கள். ஒவ்வொரு சட்டமும் மூன்று கால்களைத் தொடும். தொடுமிடத்துக்கு இரண்டு ஆணி. ஆக 504 ஆணிகள். காலின் நீளம் 1.8 மீட்டர்; அதில் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போய்விடும். மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் ஒரு காலில் இணைந்தால், நடுச் சட்டம் அடுத்த காலில் இணையும். எல்லா மூட்டும் ஒரே காலில் விழுந்தால் அந்த இடம் பலவீனமாகிவிடும். சட்டங்களை மேய்ச்சல் பக்கம்தான் அடிக்கிறார்கள். குதிரை சாய்ந்தால் சட்டம் காலோடு அழுந்தும். வெளிப்பக்கம் அடித்திருந்தால் ஆணி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

இதுவரைக்கும் கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர் என்று கேட்டால்தான் ஊர் குறுக்கே வருகிறது. மோர்டன் இருக்கும் பள்ளத்தாக்கு களிமண். டிராக்டரின் பின்னால் மாட்டிய இயந்திரம் கனத்த இரும்பைத் தூக்கிப் போட, கூர்முனைக் கால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. குழி தோண்டி நடுவதைவிட அடித்து இறக்கிய கால் உறுதியானது. சுற்றியுள்ள மண் குலையாமல் இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஸ்டோ மேட்டில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அப்படியே அடித்தால் கால் பிளந்துவிடும், அல்லது கோணிக்கொள்ளும். முதலில் இரும்பு முனையால் துளை போட்டு, பிறகு கால். இரண்டு பேரும் டிராக்டரும் சேர்ந்தால் நல்ல மண்ணில் நாளுக்கு 80 மீட்டர் போகலாம், கல்லில் 40 வந்தால் அதிர்ஷ்டம், டிராக்டர் நுழையாத தோட்டத்தில் கையால் தோண்டினால் 25தான் என்றார்.

அந்த மூன்று எண்களை வைத்து அவர் போட்டுக்காட்டிய கணக்கில்தான் நான் வியந்து நின்றேன். இருவர் கூலி, டீசல், இயந்திரத் தேய்மானம், காப்பீடு எல்லாம் சேர்ந்து நாளுக்கு 600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 80 மீட்டருக்கு, மீட்டருக்கு ஏழரை பவுண்டு. 40 என்றால் 15. 25 என்றால் 24. மரம் அதே மரம், ஆள் அதே ஆள். நாலு மைல் தள்ளிப் போனதற்கு உழைப்பின் விலை இரட்டிப்பாகிவிடுகிறது!

மண்ணோடு பருவமும் சேர்கிறது. டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. களிமண்ணில் டிராக்டர் புதையும். ஜூனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். ஆனால் வெயில் நீடித்தால் அதே களிமண் செங்கல்லாகக் காய்ந்து கிடக்கும். அதனால் ஆண்டு முழுவதற்குமான சராசரியைத்தான் விலையில் ஏற்றுகிறார். நல்ல நாள் மழை நாளுக்குச் சோறு போட வேண்டும். கதவுகளுக்குத் தனி விலை. பழைய வேலியைப் பிடுங்கித் தூக்கிப்போவதற்கும் தனி. மண்ணுக்கடியில் எரிவாயுக் குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று வரைபடம் பார்க்காமல் ஒரு காலையும் அடிப்பதில்லை. வாகனச் சாலையை ஒட்டி ஒரு மீட்டருக்கு மேல் வேலி உயர்ந்தால் அனுமதி வாங்க வேண்டும். ஆண்டு வரவு 90,000 பவுண்டைத் தாண்டிய வேலிக்காரர் 20 சதவீத வரியும் சேர்ப்பார். தாண்டாதவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு விலைப்பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்க்கிறவர் இதைக் கவனிக்காவிட்டால் ஏமாந்துபோவார்.

இந்த வேலிக்குப் பின்னால் ஒரு வரலாறும் நிற்கிறது. பொதுநிலங்களையும் திறந்த வயல்களையும் தனிச்சொத்தாக அடைக்க 1604-க்கும் 1914-க்கும் இடையில் 5,200-க்கும் மேற்பட்ட மசோதாக்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. எல்லையில் நட்ட முட்செடிக் கன்றுகளை ஆடுமாடு கடிக்காமல் காக்க, அவை வளரும்வரை கால்நட்டு மரச்சட்டம் போட்டார்கள். செடி மரமானதும் சட்டத்துக்கு வேலை முடிந்தது. மேட்டில் கதை வேறு. உழும்போது கிளம்பிய கல்லையே சாந்தில்லாமல் அடுக்கிச் சுவராக்கினார்கள். அந்தச் சுவரை ஒரு கைதேர்ந்த கொத்தனார் இன்றும் நாளுக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் எழுப்ப முடியும்.

இன்றைய வேலிக்கு எதிரி மண்மட்டம். காற்றும் ஈரமும் சந்திக்கும் அந்த ஓரிரு அங்குலத்தில்தான் கால் இற்றுப்போகிறது. முன்பு ஆர்சனிக் கலந்த மருந்தை மரத்துக்குள் ஏற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அதைக் கட்டுப்படுத்திய பிறகு செப்புக் கலவை வந்தது. எந்தத் தரத்தில் மருந்தேறிய கால், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் விலையோடு எழுதித் தருவது நல்ல வேலிக்காரரின் அடையாளம்.

காட்ஸ்வோல்ட்ஸ் போகிறவர்கள் மோர்டனிலிருந்து ஸ்டோவுக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். மரவேலி எங்கே முடிகிறது, கற்சுவர் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். யாராவது உங்கள் நிலத்துக்கு வேலிவிலை சொல்ல வந்தால், தரையைக் குத்திப் பார்க்காமல் மீட்டர் விலை சொல்கிறவரை நம்ப வேண்டாம்.